ஓர் ஏடு, இரு வழிகள்

தில்லியில் 1978ஆம் ஆண்டு மது கிஷ்வர், ரூத் வனிதா என்னும் இரு கல்லூரி ஆசிரியைகள் ‘மனுஷி’ என்ற பெண்ணிய ஏட்டைத் தொடங்கினர். விளம்பரமும் மானியமும் நாடாது, சந்தாவையும் நன்கொடையையும் நம்பி நடந்த ஏடு அது. பெண்கள் தம் துயரைத் தம் வாயாலேயே கூறவேண்டும் என்பது அதன் கொள்கை. வரதட்சணைத் திருமணங்களுக்குச் செல்வதில்லை என உறுதி பூணுமாறு 1980இலேயே அது வேண்டியது. (நம் ஊர்களில் கைக்கூலி இன்னும் பேரம் பேசப்படுவதை வாசகர் அறிவர்.) பக்திப் பெண்கவிகளுக்கென 1989இல் வெளியிட்ட சிறப்பிதழ் அதன் பணிகளுள் தலையாயது எனலாம்.

வனிதா 1991இல் விலகினார். எங்கள் நீடாமங்கலத்து மூணாற்றுத் தலைப்பில் வெண்ணாறு பிரிவதுபோல, ஓரிடத்துப் புறப்பட்ட இரு சிந்தனைகள் வெவ்வேறு வயல்களுக்குப் பாயலாயின. அவை எத்துணை விலகின என்பதை 1998 காட்டிற்று. அவ்வாண்டு தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ என்னும் திரைப்படம் இந்தியாவில் திரையிடப்பட்டது. ஒரே வீட்டு மருமக்கள் இருவர் ஒருவரையொருவர் காதலிப்பது அதன் கதை. பம்பாயிலும் தில்லியிலும் கொட்டகைகள் தாக்கப்பட்டன.

இச்செயல் பற்றிய ஷரீஅத்தின் தீர்ப்பு நம்மவர் அறிந்ததே. அதனை ஈண்டு விவாதிக்க நாம் முனையவில்லை. ஏட்டின் நேர்மையை எடைபோடுவதே நம் வேலை.

மனுஷியில் கிஷ்வர் எழுதிய விமர்சனம், இயக்குநரைத் தன்னைத்தானே வெறுக்கும் இந்தியர் எனத் தலைப்பிலேயே ஏசியது. பெண்களிடையே இயல்பாக உள்ள நெருக்கத்திற்கு இப்படம் ஒரு பெயர் சூட்டிவிட்டதால் இனி அந்நெருக்கமே சந்தேகத்திற்குள்ளாகும் என அவர் அஞ்சினார். இவ்வச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. லாத்தாவும் தங்கையும் மைனியும் ஒரே பாயில் படுத்துக் கதைபேசும் வீடுகள் நம்முடையவை. எனினும், இருபதாண்டுகள் பெண்ணின் சொந்தச் சாட்சியத்தையே அளவுகோலாகக் கொண்ட ஏடு, அவ்வாழ்வு வாழும் பெண்களின் சாட்சியத்தை அன்று முன்வைக்கவில்லை. குடும்பத்தின் மானமே அங்கு முன்னின்றது. தாக்குதலை அது ஆதரித்தது என நாம் கூறவில்லை. கேட்கவேண்டியவரைக் கேட்கவில்லை என்கிறோம். பம்பாயில் இத்தகைய பெண்களின் குழுவொன்று ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்னும் சிற்றேட்டைத் தாமே தொடங்கியதும் அதே 1998இல்தான்.

வனிதாவோ பழஞ்சுவடிகளை நாடினார். லக்னோவைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஸலீம் கித்வாயுடன் 2000இல் அவர் தொகுத்த நூல், ஒருபாற் காதல் பற்றிய சமஸ்கிருத, பாரசீக, உர்து எழுத்துகளை ஒருங்கே தந்தது. 2012இல் ‘ரேக்தீ’ பற்றித் தனிநூல் எழுதினார். ரங்கீன், இன்ஷா முதலியோர் பெண்குரலில் பாடிய உர்துக் கவிதை ரேக்தீ. பெண்கள் பெண்களை விரும்பும் பாடல்களும் அதில் உண்டு. பிற்காலத் திறனாய்வாளர் அதனை ஆபாசமெனத் தள்ளினர்; தொகுப்புகளிலிருந்து நீக்கினர்.

இந்நீக்கத்தை நம்மால் ஏற்க இயலவில்லை. மத்ரஸாக்களில் நாம் ஓதும் முஅல்லகாத்தில் இம்ரஉல் கைஸின் வரிகள் சில, மாணவர்முன் வாய்விட்டுச் சொல்ல நாணத்தக்கவை. இமாம் ஸவ்ஸனீ அவற்றையும் விடாது உரை வரைந்தார். ஒரு பாடலைக் காப்பது அதன் செயலை ஆதரிப்பதாகாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆயினும் வனிதாவிடமும் ஒரு கேள்வி உண்டு. ரேக்தீ பாடிய புகழ்பெற்றோர் ஆடவர். ஆடவர் பெண்குரலில் பாடியது பெண்ணின் சாட்சியம் ஆகுமா? மனுஷியின் பழைய அளவுகோலை வைத்தால் ஆகாது. ஆனால் அக்காலப் பெண்டிரின் ஏச்சும் கேலியும், நகை, துணி, நேர்ச்சை பற்றிய பேச்சும், ஆடவர் அவையில் வழங்காத சொற்களும் இப்பாடல்களில் அப்படியே கிடக்கின்றன. லக்னோ மாளிகைகளின் திரைக்குப் பின்னே பேசப்பட்ட உர்துவைத் தேடுவோர்க்கு, தொகுப்பாசிரியர்கள் வெட்டியெறிந்த இப்பக்கங்களைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.