பட்டியலில் இல்லாத லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்

இந்த லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப், 8 ஜிபி ரேம். திரையில் கீறல் கிடையாது, மூடியைத் திறந்தால் கீல் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. என் சித்தப்பா 2017இல் வாங்கியது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கோயிலைப் பற்றிக் குறிப்புகள் தட்டி வைப்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, கரண்ட் பில் கட்டுவது, இவ்வளவுதான் அதில் அவருக்கு வேலை. இந்த வேலைக்கு இந்த இயந்திரம் இன்னும் பல வருஷம் தாங்கும். ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் இந்த சிப்புக்கு இடமில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

புதிது வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்துப் பழகவிட்டுப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவைப் போன்றவர்கள் புது லேப்டாப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. கணக்கு எழுதுபவர்களும் டிடிபி கடைக்காரர்களும் மட்டும் அவசரப்படக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசியாக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கோடிக்கணக்கான கணினிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். விண்டோஸ் 10ஐ விட முடியாமல் பயனற்றுப்போகும் கணினிகள் 24 கோடி வரை இருக்கலாம் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்கிட்டது.

2021இல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம் பாதுகாப்பு. சாவிகளையும் கடவுச்சொல் ரகசியங்களையும் காக்கும் டிபிஎம் 2.0 என்ற ஏற்பாடு கட்டாயம் என்றார்கள். நியாயமான கோரிக்கை, எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் சித்தப்பாவின் லேப்டாப்பில் அது இருக்கிறது. பயாஸுக்குள் போய் இன்டெல் பிடிடி என்ற வரியை இயக்கினால் போதும். வழிமறிப்பது டிபிஎம் அல்ல, சிப்பின் தலைமுறை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. எட்டாம் தலைமுறை சிப்கள் 2017 ஆகஸ்டில் அறிமுகமாயின. அதற்குப் பிறகும் நம் ஊர்க் கடைகளில் ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் புதுச் சரக்காகவே விற்றன. அவற்றை வாங்கியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

தலைமுறைக் கோட்டுக்கு ஆதாரமாக மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் இரண்டு எண்களை வெளியிட்டது. தகுதி இல்லாத கணினிகளில் கெர்னல் அளவிலான முடக்கம் 52 சதவீதம் அதிகம் என்பது ஒன்று. தகுதியுள்ள கணினிகளில் 99.8 சதவீதம் முடக்கமே இல்லாத அனுபவம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை என்று கொண்டால் கணக்கு எளிது. தகுதியுள்ளவற்றில் முடங்கியது 0.2 சதவீதம். அதைவிட 52 சதவீதம் அதிகம் என்றால் ஏறத்தாழ 0.3 சதவீதம். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு என்பது மூன்றாக ஆகிறது. 52 என்று கேட்கும்போது பயமாக இருக்கிறது. ஆயிரத்துக்கு ஒன்று கூடுதல் என்று சொல்லியிருந்தால் யாரும் லேப்டாப்பை மாற்றக் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

அதே மாதம் ஏழாம் தலைமுறையிலிருந்து சில சிப்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல் இருப்பது அந்த சிப்தான். ஏழாம் தலைமுறையால் முடியாது என்ற வாதம் அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. பொறியியல் காரணம் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோட்டை எங்கே போடுவது என்பதில் வியாபாரக் கணக்கும் கலந்திருக்கிறது என்கிறேன்.

சரி, புதிது வாங்கினால் கூடுதலாக என்ன கிடைக்கிறது? 2024 ஜனவரியில், மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட்டுக்கென்று கீபோர்டில் ஒரு விசை வந்தது. 1994இல் விண்டோஸ் விசை வந்த பிறகு அந்தக் கீபோர்டில் நடந்த பெரிய மாற்றம் என்று அதைக் கொண்டாடினார்கள். அதே ஆண்டு மே 20ஆம் தேதி கோபைலட் பிளஸ் கணினிகள் அறிவிக்கப்பட்டன. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைப் போடும் செயற்கை நுண்ணறிவுப் பகுதி அவற்றில் கட்டாயம். அதை வைத்துச் செய்யப்போகும் அருமையான காரியம் என்று முன்னால் நிறுத்தப்பட்டது ரீகால். திரையில் தெரிவதையெல்லாம் சில நொடிகளுக்கு ஒருமுறை படம்பிடித்துச் சேர்த்து வைத்து, பிறகு தேடித் தரும் வசதி. அதன் சேமிப்பு போதிய குறியாக்கம் இல்லாமல் திறந்து கிடக்கிறது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் உடனே காட்டினார்கள். வெளியீடு தள்ளிப்போய், பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும்படி திருத்தப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பரவலாக வந்தது. சித்தப்பாவிடம் இதை விளக்கினேன். “நான் பார்த்ததை எனக்கே எதுக்குப்பா படம்பிடிச்சுக் காட்டணும்?” என்றார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நான் எந்த அறிவிப்பிலும் படிக்கவில்லை.

இனி மின்ட். பிரான்ஸைச் சேர்ந்த கிளெமென் லெஃபெவ்ர் 2006இல் தொடங்கிய திட்டம், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. இப்போதுள்ள 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் போதும் என்கிறார்கள். வசதியாக வேலை செய்ய 4 ஜிபி வேண்டும். மூன்று முகப்புகளில் கிடைக்கிறது. பழைய லேப்டாப் என்பதால் இருப்பதிலேயே இலேசான எக்ஸ்எஃப்சிஇ முகப்பை எடுத்தேன்.

ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்தால், ஹார்டு டிஸ்கைத் தொடாமல் முழு இயங்குதளமும் எழுந்து நிற்கிறது. எனக்கு மின்டில் மிகவும் பிடித்தது இதுதான். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமரா தெரிகிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். இந்த லேப்டாப்பில் மூன்றும் உடனே வேலை செய்தன. விரல்ரேகை உணரி மட்டும் செய்யவில்லை. அதைத் தயாரித்தவர்கள் லினக்ஸுக்கு டிரைவர் தரவில்லை. சித்தப்பா அதைப் பயன்படுத்தியதே இல்லை என்பதால் தப்பித்தோம்.

நிறுவும்போது கணக்கு எதுவும் தொடங்கச் சொல்லவில்லை. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை நிறுவ இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறார்கள். மின்ட் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்டு முடித்துக்கொண்டது. பூட் ஆகி நிற்கும்போது ஒரு ஜிபி ரேம்கூட நிரம்பவில்லை. ஆனால் வேகத்துக்கான பாராட்டு முழுவதையும் மின்டுக்கே கொடுக்கக் கூடாது. பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டிருந்தேன். பாதி வேகம் அதனால் வந்தது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் யோசனை எப்போதும் எஸ்எஸ்டிதான், இயங்குதளம் எதுவானாலும்.

அவருக்கு முதலில் வந்த சந்தேகம், “ஸ்டார்ட் எங்கப்பா போச்சு?” என்பது. “அதே இடது மூலையிலதான் இருக்கு சித்தப்பா, படம் மட்டும் மாறியிருக்கு.” அவ்வளவுதான். மெனு, கீழே டாஸ்க்பார், வலப்பக்கம் கடிகாரம் என்று கை பழகிய இடத்தில் எல்லாம் இருப்பதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வருகின்றன.

தமிழ்த் தட்டச்சில்தான் பொறுமை வேண்டும். சித்தப்பா தமிழ்99 பழகியவர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை அது. கீபோர்டு அமைப்பில் இந்திய மொழிகளைத் தேடினால் தமிழ்99 அங்கேயே கண்ணில் படும். அதைச் சேர்த்தால் எழுத்துகள் வரும், ஆனால் தமிழ்99இன் உயிரான விதி வராது. ‘க’வை இருமுறை அடித்தால் ‘க்க’ என்று தானாகப் புள்ளி விழ வேண்டும் அல்லவா? விழாது. ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி விசையைத் தேடி அடிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய், லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

சரியான வழி வேறு. மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியைத் தேடி நிறுவ வேண்டும். உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99 சேர்க்க வேண்டும். இதன்பின் புள்ளி தானாக விழுகிறது. சித்தப்பா ‘அக்காள், பக்கம், தங்கம்’ என்று அடித்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம கீபோர்டுதான்” என்றார். தமிழ் எழுதுபவருக்கு இது முதல் நாளே தேவைப்படும் வசதி. அதை இத்தனை படிகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது தவறு. நிறுவும்போது மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் இது தானாகவே வர வேண்டும்.

அவருடைய பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துருக் கோப்பை எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் அவை அப்படியே திறந்தன. சில வேர்ட் கோப்புகளில் அட்டவணைக் கோடுகள் நகர்ந்திருந்தன. திருத்துவது பெரிய வேலையில்லை.

பிரிண்டர் விஷயத்தில் ஜாதகம் பார்த்தே ஆக வேண்டும். வைஃபை உள்ள புது பிரிண்டர்களை மின்ட் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே கண்டுகொள்கிறது. ஜெராக்ஸ் கடைகளில் வருஷக்கணக்காக ஓடும் சில பழைய லேசர் பிரிண்டர்கள் தயாரித்த கம்பெனிக்கே உரிய நெறிமுறையில் மட்டும் பேசுபவை. அவற்றை லினக்ஸில் ஓடவைப்பது அரை நாள் போராட்டம், சில நேரம் தோல்வி.

இங்கேதான் என் எச்சரிக்கை. டேலியில் கணக்கு எழுதுபவர்கள் மாற வேண்டாம், டேலி விண்டோஸுக்கானது. பேஜ்மேக்கரை நம்பி அழைப்பிதழ் அடிக்கும் கடைகளும், போட்டோஷாப்பில் ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்களும் அப்படியே. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்து வரித்தாக்கல் செய்பவர்கள், தங்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விசாரித்த பிறகே யோசிக்கலாம். பிழைப்பு நடக்கும் கணினியில் பரிசோதனை கூடாது.

லினக்ஸ் ஆர்வலர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மாற விரும்பி ஒருவர் வந்து கேட்டால், எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வகை, உயர்ந்தது என்று தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள், அல்லது டெர்மினலில் ஒட்டச் சொல்லி நான்கு வரி தருகிறார்கள். அந்த வரிகள் என்ன செய்கின்றன என்று விளக்குவதில்லை. இணையத்தில் கிடைத்த கட்டளையைப் புரியாமல் ஒட்டுவது கணினிக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டியவர்களே அவர்கள்தான். டெர்மினலை ஒரு தடவைகூடத் திறக்காமல் சித்தப்பாவின் வேலை அனைத்தும் நடந்தது.

தமிழ்நாடு இந்த வழியை முன்பே நடந்து பார்த்தது. சி. உமாசங்கர் தலைமையில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. ஆனால் பள்ளிகளில், வகுப்பறையில் சொல்லித்தர ஆளில்லாமல் அந்த முயற்சி வேர் பிடிக்கவில்லை என்பதே என் எண்ணம். பக்கத்தில் கேரளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப்புத்தகத்தையே கட்டற்ற மென்பொருளை வைத்து எழுதி, பள்ளிகளில் இன்றும் லினக்ஸை ஓட்டுகிறது. மென்பொருள் இரண்டு பக்கமும் ஒரே தரம்தான். கற்றுக்கொடுக்க ஆள் போட்டவர்கள் ஜெயித்தார்கள்.

விண்டோஸை விட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை ஒத்திசைத்துப் பணமில்லாமலோ சேரலாம். கட்டுப்பாட்டைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் பழைய கணினியில் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் அப்டேட் தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன்.

மின்டை நிறுவப்போகிறவர்கள் முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிண்டரையும், தினமும் செருகும் டோக்கனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்டிரைவிலிருந்தே ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். அவை வேலை செய்தால் நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். செய்யாவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.