பறவை நூல்களும் வன்னி நிலமும்: ஒரு மதிப்பீடு

அரிய பறவையொன்றைக் காண்பதற்காகவே நெடுந்தூரம் பயணஞ் செய்யும் பொழுதுபோக்கு ஈழத்துத் தமிழ் வாசகர் பலருக்கு இன்றும் புதுமையாகவே தோன்றும். ஆயினும், அப்பயணிகள் கையிற் கொண்டு செல்லும் நூல்களின் மரபு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. வன்னிப் பெருநிலத்தின் காடுகளும் குளங்களும் களப்புக்களும் அம்மரபிலே தொடக்க காலந்தொட்டே இடம்பெற்றுள்ளன. பெரும்பாலும் விலங்கியல் மாணவரே அந்நூல்களைப் பயின்று வந்துள்ளனர். நிலத்தையும் அதன் உயிர்களையும் பற்றிய எழுத்துக்கள் என்ற வகையில் அவை இலக்கிய மாணவரின் மதிப்பீட்டுக்கும் உரியன. அவை எதனைக் கண்டன, எவர் துணையாற் கண்டன, எதனைக் காணாது விட்டன என்பன ஈண்டு நோக்கற்பாலன.

இம்மரபின் தொடக்கத்திலே குறிப்பிடத்தக்கவர் எட்கார் லெயாட். 1846 இல் இலங்கை வந்த அவர், இத்தீவின் பறவைகள் பற்றிய குறிப்புக்களை 1853, 1854 ஆம் ஆண்டுகளில் ஆங்கில அறிவியல் ஏடொன்றிலே தொடராக வெளியிட்டார். வன்னிக்கு வடக்கேயுள்ள பருத்தித்துறையிற் கிடைத்த சிறிய ஈபிடிப்பான் ஒன்றுக்கு, முத்து என்னும் தம் பணியாளின் பெயரை அவர் சூட்டினார். பழுப்பு மார்புடைய அப்பறவையின் அறிவியற் பெயரில் ‘முத்துயி’ என்ற சொல் இன்றளவும் நிலைத்துள்ளது. தாம் சேகரித்தவற்றுட் சிறந்தன பலவற்றுக்கு முத்துவின் பொறுமையான உழைப்பே காரணம் என்பதை லெயாட் ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டார். அந்நன்றியுணர்ச்சி மெய்யானது என்பதில் ஐயமில்லை. எனினும், முத்து அப்பறவையை எவ்வாறு இனங்கண்டார், அவர் ஊரார் அதனை எப்பெயரால் அழைத்தனர் என்பன பற்றி முத்துவின் சொந்தக் கூற்றாக ஒரு வரிதானும் நூலுலகை வந்தடையவில்லை. அவருடைய பெயர் அறிவியலுட் புகுந்தது. அவரது அறிவு வெளியிலேயே நின்றுவிட்டது. பின்வந்த நூல்களை எடைபோடுவதற்கு இந்நிகழ்ச்சி ஓர் அளவுகோலாக அமைகின்றது.

பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றிய வின்சன்ற் லெக் எழுதிய ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ 1878 முதல் 1880 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களையுடைய இப்பெருநூல் ஒவ்வொரு பறவையின் அளவு, இறகு நிறம், வாழிடம், பழக்கம், கூடு ஆகியவற்றை முறையாக வகுத்துரைக்கின்றது. துப்பாக்கியே அக்காலப் பறவையியலின் முதற் கருவியாக இருந்தது. அங்ஙனமிருந்தும், பறவை எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் வாழ்கின்றது என்பதிலே லெக் காட்டிய அக்கறை வியக்கத்தக்கது. சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அவர் திரட்டித் தந்துள்ளார்.

ஜி. எம். ஹென்றி எழுதி 1955 இல் வெளிவந்த ‘இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி’ இம்மரபிலே ஒரு திருப்புமுனை எனலாம். கொழும்பு அரும்பொருட்காட்சிச் சாலையிற் பணியாற்றிய ஹென்றி, தம் நூலுக்கான ஓவியங்களைத் தாமே வரைந்தார். இறந்த பறவையின் தோலை அளப்பதிலும் பார்க்க உயிருள்ள பறவையின் நடையையும் குரலையும் சொல்லிலே பிடிப்பது அவர் நோக்கமாயிற்று. இதனால் நூலகத்துக்குரியதாயிருந்த அறிவு சாதாரண ஆர்வலரின் கைக்கு வந்தது. எனினும், ஒவ்வொரு பறவைக்கும் தரப்பட்ட தமிழ்ப் பெயர் தலைப்பின் கீழே ஒரு குறிப்பாக நிற்கின்றதேயன்றி, அது பறவையைப் பற்றிக் கூறும் செய்தி விளக்கம் பெறுவதில்லை.

அப்பெயர்கள் செய்தி கூறுவன என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். குளக்கரையிலும் வயலிலும் ஆளைக் கண்டதும் கூவி எழும் பறவையை ஆங்கிலேயர், ‘அவனா செய்தான்’ எனப் பொருள்படும் வினாவைக் கேட்பதாக வருணிப்பர். தமிழரோ அதனை ஆட்காட்டி என்றனர். முன்னது ஒலியைப் போலச் செய்வது. பின்னது மனிதனுக்கும் பறவைக்கும் இடையிலுள்ள உறவைக் கூறுவது. வேட்டைக்குச் செல்வோனும் இரவிற் காவலிருப்போனும் அப்பெயரின் பயனை நன்கறிவர். மாரியில் வடக்கிலிருந்து வலசை வரும் பல்நிறப் பறவையொன்று காலையிலும் மாலையிலும் குறித்த வேளையிற் குரல் கொடுப்பதனால் ஆறுமணிக்குருவி எனப்பட்டது. மணிக்கூடு வழக்கத்துக்கு வந்த பின்னரே இப்பெயர் தோன்றியிருத்தல் வேண்டும். பழந்தமிழோடு பெயரிடும் ஆற்றல் முடிந்துவிடவில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

பறவை நூல்களின் மற்றொரு குறைபாடு ‘அரியது’ என்ற சொல்லின் பயன்பாட்டிலே வெளிப்படுகின்றது. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு களப் பறவையியற் குழுவும் தோன்றியபின் பதிவுகள் பெருகின. ஆனால், பதிவு என்பது பறவையின் வருகையை மட்டுமன்றிப் பதிவாளரின் வருகையையும் பொறுத்தது. 1983 இலே தொடங்கி 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வன்னிக்குட் செல்லும் பாதை பெரும்பாலும் வெளியாருக்கு அடைபட்டிருந்தது. ஏ-9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. அவ்வாண்டுகளிலும் இரணைமடுவுக்குத் தாராக்கள் வந்தன. களப்புக்களிலே பூநாரைகள் இரை தேடின. அவற்றைக் கண்டவர்களும் இருந்தனர். பட்டியலிலே வெற்றிடமாகத் தோன்றுவது பார்வையாளனின் இன்மையேயன்றிப் பறவையின் இன்மையன்று. இவ்வேறுபாட்டை உணராத பட்டியல், அடைபட்ட வீதியின் வரலாற்றைப் பறவையின் வரலாறாகக் காட்டிவிடும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறைபாடன்று. கனகராயன் ஆறு சென்று சேரும் சுண்டிக்குளம் 1938 இலும், முல்லைத்தீவின் தெற்கேயுள்ள கொக்கிளாய் 1951 இலும் பறவைச் சரணாலயங்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2015 இற் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இத்தகைய தீர்மானங்களுக்குப் பறவைப் பட்டியல்களே வலிமையான சான்றாகின்றன. போரினால் இடம்பெயர்ந்து மீண்டு வந்த மீனவனுக்கும் உழவனுக்கும் எல்லைக்கல் என்பது வலை வீசும் நீரையும் மாடு மேயும் தரவையையும் பற்றிய வினாவாகும். பறவைகளோடு வாழ்ந்தவரின் சாட்சி பட்டியலில் இல்லாதபோது, அவர் அந்நிலத்துக்கு அந்நியர் போலத் தோற்றமளிக்கும் அபாயம் உண்டு.

இதனால் அரிய பறவையைத் தேடி வருவோரின் பணி பயனற்றது என்று கொள்ளுதல் தவறாகும். ஊர் வாசிக்கு நாள்தோறும் தென்படும் பறவை உலகளவில் அருகி வருகின்றது என்பதைத் தொலைவிலிருந்து வந்து, பல நாட்டுக் கணக்குகளை ஒப்பிட்டவரே கூறமுடியும். சரணாலயம் என்ற கருத்தே அத்தகையோரின் உழைப்பால் வந்தது. அவர்களுடைய அறிவு அகலமானது. ஊரவரின் அறிவு ஆண்டு முழுவதும் ஓரிடத்திலே நிலைத்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

எனவே, வன்னியைப் பற்றி இனி எழுதப்படும் பறவை நூலிடம் எதிர்பார்க்கத்தக்கவை சில உள. பறவையைக் காட்டியவரின் கூற்று, காண வந்தவரின் குறிப்போடு ஒரே பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். ஊர்ப் பெயர் அதன் பொருளோடு தரப்படல் வேண்டும். பதிவில்லாத ஆண்டுகள் பதிவில்லாதன என்றே வெளிப்படையாகக் குறிக்கப்படல் வேண்டும். இயற்கை பற்றித் தமிழிற் செறிவாக எழுத முடியும் என்பதைத் தமிழகத்து மா. கிருஷ்ணன் தம் கட்டுரைகளால் முன்னரே நிறுவியுள்ளார். ஆதலின் மொழியின்மேற் பழி கூற இடமில்லை.

லெயாட் தம் பணியாளின் பெயரை ஒரு பறவைக்கு அளித்தார். அக்காலத்துக்கு அது பெருந்தன்மையே. இக்காலத்து நூலாசிரியர் அதனினும் ஒருபடி மேற்சென்று, முத்துவின் வழிவந்தோர் தாம் கண்டதைத் தாமே கூற இடமளித்தல் வேண்டும். அங்ஙனம் எழுதப்படும் நூலே வன்னியின் பறவை நூல் என்ற பெயருக்கு உரியதாகும்.