மயிற்பொறியும் இரும்புக்கையும்

ஈரோட்டில் ஆகஸ்டு மாதப் புத்தகத் திருவிழாவை ஒட்டி முத்து, லயன் காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடுவது உண்டு. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் மூன்று பேர் போனோம். கொழிஞ்சாம்பாறையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நான், சிறுகதை எழுதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குமுளியிலிருந்து முந்தின ராத்திரியே வந்து என் வீட்டில் தங்கிய ஏலக்காய் வியாபாரி. இவர் கவிஞர். "இந்த வயசுல படக்கதை பார்க்கவா இத்தனை தூரம்?" என்று வீட்டில் சிரித்தார்கள். அறிவியல் புனைகதை ரசிகர்களின் உலக மாநாடு 1939-ல் நியூயார்க்கில் தொடங்கி 2023-ல் சீனாவின் செங்டு வரை வந்துவிட்டது. தமிழில் அதற்கு ஈடு எது என்று கேட்டால் நான் ஈரோட்டைத்தான் காட்டுவேன்.

கோவையில் ரயில் ஏறினோம். விஜயமங்கலம் ஸ்டேஷன் வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பெருங்கதை பாடிய கொங்குவேளிர் ஊர் இது, வயிற்றுக்குள் வீரரை ஒளித்த எந்திர யானையைக் காட்டி உதயணனைப் பிடித்த கதை அது என்றேன். (நூலின் முற்பகுதி கிடைக்காமல் போனது நம் துரதிர்ஷ்டம்.) ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா அறிவியல் புனைகதையைத் தொடங்கி வெச்சதே உங்க சமணருங்க தானுங்களே நயினாரே! சிந்தாமணியில மயிற்பொறி இருக்குதே!"

என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை.

திருத்தக்கதேவர் பொறியைச் சும்மா மந்திரம் என்று விட்டுவிடவில்லை என்பது உண்மைதான். வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்து ஏறும், இடப்பக்கம் திருகினால் கால் மடக்கி இறங்கும். சச்சந்தன் அதைச் செய்வித்து, கருவுற்றிருந்த விசயைக்கு ஓட்டவும் பழக்குகிறான். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த அன்று அவள் அதிலேறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுகிறது, மயங்குகிறாள், மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். இவ்வளவு நேர்த்தியாகப் பொறியைக் கதையில் பூட்டிய கவி வேறு யார்? ஆனால் அதன்பின் கதை பொறியால் நகர்வதில்லை. நாட்டையே பிடித்த கட்டியங்காரனுக்கு நமக்கும் ஒரு மயில் வேண்டும் என்று தோன்றவே இல்லை. பறக்கும் பொறி ஒன்று வந்துவிட்ட உலகம் முன்போலவே இருக்கிறது. இப்படி இருந்தால் அது காவிய உறுப்பு, அறிவியல் புனைகதை ஆகாது என்பது என் துணிபு.

இரும்புக்கை மாயாவி வேறு சாதி. 1962-ல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் தொடங்கிய தொடர். தமிழில் 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அப்பா வந்தவாசிப் பக்கமிருந்து இங்கே வந்து கடை போட்டவர். பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழை நான் எழுத்துக்கூட்டிப் பழகினது மாயாவியில். சிந்தாமணிக்கு அப்புறம்தான் வந்தேன், இதைச் சொல்ல வெட்கமில்லை. மின்சாரம் பாய்ந்தால் மறைவான், இரும்புக்கை மட்டும் தெரியும், ஏறின மின்சாரம் தீர்ந்தால் அகப்படுவான். வரமும் வரம்பும் ஒரே கம்பியில் வருகின்றன. ஆங்கில மூலத்தில் அவன் ஆரம்பத்தில் நல்லவனும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மனுஷன் முதலில் குற்றத்துக்குத்தான் போவான் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருந்தது. பின்னால் அவன் அரசாங்க ஒற்றன் ஆனதும் பாதி சுவை போயிற்று. சுஜாதாவின் ஜீனோ, நாய் உருவில் வந்தும் யோசிக்கத் தொடங்கியதால் நின்றது. மாயாவி யோசிப்பதை விட்டுவிட்டான்.

கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஏமாற்றம். பேச்செல்லாம் தாள், வண்ணம், மறுபதிப்பு, கிடைக்காத பழைய இதழ் யாரிடம் இருக்கிறது என்பது. இரும்பு வியாபாரி சரக்கைப் பற்றிப் பேசாமல் சாக்கைப் பற்றிப் பேசுவது மாதிரி. பொறுக்காமல் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டேன்: "உடம்போட உடுப்பும் மறையுதே, இரும்பு மட்டும் ஏன் மறையலை?"

லேத் பட்டறைக்காரர் ஒருவர் திரும்பினார். "இரும்பு கரண்டைக் கடத்திவிட்டுடுமுங்க, வெச்சுக்காது. உடம்புதான் தாங்கி வெச்சுக்கும்." இன்னொருவர், "அப்ப பெல்ட்டு பக்கிள் ஏன் மறையுது?" என்றார். அரைமணி நேரம் டீ ஆறிப்போனது. யாருக்கும் விடை கிடைக்கவில்லை. ஆனால் பட்டம் பெற்றவர் கூடும் கருத்தரங்குகள் பலவற்றின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கதையின் விதியை அதன் சொந்தக் கணக்கிலேயே இப்படிச் சோதித்துப் பார்த்ததை அங்கெல்லாம் கேட்டதில்லை. சாக்கைப் பற்றிப் பேசியவர்களும் சரக்கை மறக்கவில்லை. அவர்களைக் குறைவாக எடைபோட்டது என் தவறு.

திரும்பும்போது கோவையில் பஸ் மாறினோம். ஆசிரியர் அதுவரை பேசாமல் வந்தவர், "மயிலை இறக்க இடப்பக்கம் திருகணும்னீங்க. மயங்கினவ எப்படிங்க திருகினா? கை சோர்ந்தா தானா இறங்குற மாதிரி தேவரு யோசிச்சு வெச்சிருந்தா, அது வரம்பு இல்லீங்களா?" என்றார். நான் ஒரு பதில் சொன்னேன், கவிஞர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேலந்தாவளம் செக்போஸ்டில் பஸ் நின்றபோதும் அவர்கள் இருவரும் என்னை விடவில்லை.