நடக்காத போரின் அடிக்குறிப்புகள்

கோவாவில் பிச்சோலிம் என்ற ஊர் உண்டு. 1640–41இல் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் அங்கே போர் மூண்டதாக, 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை ஏறியது. சுமார் 4,500 சொற்கள், ஒழுங்கான நடை, வரிசையாக மேற்கோள் நூல்கள். ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதியும் கிடைத்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதை அசைக்கவில்லை.

2012 இறுதியில் ஒரு தன்னார்வலர் செய்தது இவ்வளவுதான்: அடிக்குறிப்பில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார். அப்படி எந்த நூலும் இல்லை. போரும் அதோடு போயிற்று.

இப்படிச் சரிபார்க்கும் வேலையில் எனக்குப் பிடித்ததே அதன் சுவாரஸ்யமின்மைதான். புரட்டு எழுதுபவருக்குக் கற்பனை வேண்டும். பிடிப்பவருக்கு நூலகப் பட்டியலைத் துழாவும் பொறுமை போதும். சிவாஜி முடிசூடியதே 1674இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்னால் மராட்டியப் பேரரசு எங்கிருந்து வந்தது? யாருக்கும் உறைக்கவில்லை. சின்னச் சின்ன அடிக்குறிப்பு எண்களைக் கண்டாலே நம் சந்தேகம் அடங்கிவிடுகிறது. புரட்டைப் பிடிப்பவர்களுக்கோ அங்கேதான் கிளம்புகிறது.

கட்டுரையை நீக்கிய விதமும் நேர்த்தி. பொதுவில் விவாதித்தே நீக்கினார்கள். பிடிபட்ட புரட்டுகளுக்கென்று விக்கிப்பீடியாவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பிச்சோலிம் அதில் இருக்கிறது, இந்த முறை தகுந்த ஆதாரத்தோடு.