நாடி பார்ப்பதும் நாற்காலி எண்ணுவதும்

புதுக்குடியிருப்புச் சந்தியில் நான் காலையில் பேப்பர் பார்க்கிற தேத்தண்ணிக் கடை ஒன்று இருக்கிறது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த அந்தக் கிழமை, முடிவுகள் அச்சாகியிருந்த பக்கத்தின் ஓரத்தில் யாரோ பேனையால் கணக்குப் போட்டிருந்தார்கள். மேலே 61, கீழே 43, அடியில் இரண்டு கோடு. “பாத்தியளே மாஸ்டர், ஆறு மாசத்திலை சரிஞ்சுபோச்சு” என்றார் கடைக்காரர்.

கழித்தல் சரி. தேசிய மக்கள் சக்திக்கு 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 61.56 வீதம் கிடைத்தது. 2025 மே 6 இல் 43.26 வீதம். ஆனால் சரிந்தது எது? அந்தக் காலையிலும் பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159 அவர்களிடமே இருந்தன. அரசியலமைப்பைத் திருத்த அங்கே தேவைப்படுவது 150.

இடையில் வருகிற தேர்தலை ஆட்சிக்கான தீர்ப்பாக வாசிக்கும் பழக்கம் நமக்கு நன்றாக ஊறிவிட்டது. அமெரிக்காவில் அதற்கு அர்த்தம் உண்டு. அங்கே இடைத்தவணைத் தேர்தல் சட்டமன்றத்தையே மாற்றுகிறது. 2018 இல் டிரம்பின் கட்சி பிரதிநிதிகள் சபையை இழந்தது. 2022 இல் குடியரசுக் கட்சியின் அலை வருகிறது என்றார்கள். வந்தது 222க்கு 213 என்ற மெல்லிய பெரும்பான்மை. அலை இல்லாவிட்டாலும் சபை கைமாறியது, பைடனின் சட்டமூலங்களுக்கு அங்கே வழி அடைபட்டது. நமது உள்ளூராட்சித் தேர்தலில் பாராளுமன்றத்தின் ஒரு நாற்காலிகூட அசைவதில்லை.

அதற்காக இந்த வாசிப்பை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. 2018 பெப்ரவரி 10 தேர்தலில், தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகாத பொதுஜன பெரமுன நாற்பது வீதத்துக்கு மேல் எடுத்தது. மைத்திரிபால–ரணில் நல்லாட்சி அரசு முடிந்தது என்று அன்றைக்கே வாசித்தவர்கள் பிழைவிடவில்லை. 2019 நவம்பரில் அந்தக் கட்சியின் கோட்டாபய ஜனாதிபதியானார். 2020 ஓகஸ்டில் அவர்களுக்கு 145 ஆசனங்கள். உள்ளூர் வாக்கு, நாட்டின் நாடியைச் சரியாகவே காட்டியிருந்தது.

ஆனால் அந்த நாடி துடித்ததற்கும் 2020க்கும் நடுவில் நடந்ததை நாம் மறந்துவிடுகிறோம். 2018 ஏப்ரலில் பிரதமர் ரணிலுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 122க்கு 76 என்று தோற்றது. ஒக்டோபர் 26 இல் ஜனாதிபதி மைத்திரிபால அவரை விலக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். டிசம்பர் 12 இல் ரணிலுக்கு நம்பிக்கை தெரிவித்து விழுந்த வாக்குகள் 117. அவற்றில் 14 தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினுடையவை. அந்தப் 14 ஐக் கழித்தால் 103. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். மக்கள் மனநிலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, ஆசனக் கணக்கு மறுபக்கம் நின்றது. அந்தக் கணக்கின் ஆணி நமது உறுப்பினர்கள் கையில் இருந்தது. அதைக் கொண்டு என்ன வாங்கினார்கள் என்று சந்தியில் இப்போதும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் கவலை வேறு: அன்று நமக்கிருந்த பலம் வாக்கு வீதத்தால் வந்ததல்ல, எந்தப் பெரிய கட்சிக்கும் தனித்துப் பெரும்பான்மை இல்லாததால் வந்தது. இன்று தமிழரசுக் கட்சியிடம் 8 ஆசனங்கள். எதிரே 159. எட்டுப் பேரும் ஒன்றாகக் கை தூக்கினாலும் எந்தச் சட்டமும் நிற்காது.

வன்னிக்கு வருவோம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இங்கே முதலிடம் சஜித்துக்கு. தேசிய மக்கள் சக்தியின் அநுரகுமாரவுக்குக் கிடைத்தது சுமார் 21 ஆயிரம். இரண்டே மாதத்தில் அவருடைய கட்சி 39,894 வாக்கோடு முதலிடத்துக்கு வந்து இரண்டு ஆசனம் எடுத்தது. வடக்கும் தெற்கும் ஒரே அலையில் சேர்ந்துவிட்டன என்று எழுதினார்கள். அந்த 39,894 எத்தனை வீதம்? இருபதுக்குச் சற்று மேல். ஐந்தில் நாலு பேர் வேறு எவருக்கோ வாக்களித்த ஓர் இடத்தை எப்படி அலை என்பது? தமிழரசுக்கு 29,711, ஐக்கிய மக்கள் சக்தி அதைவிடச் சற்றுக் கூட. முதலிடத்துக்கு உரிய போனஸ் ஆசனம் போக மிச்சம் ஐந்தும் ஐந்து கட்சிகளுக்கு ஒவ்வொன்றாகப் போயின. போனஸ் என்ற ஏற்பாடே இல்லாமல் ஆறையும் பங்கிட்டாலும் மீதி வாக்குக் கணக்கில் அந்த இரண்டாவது ஆசனம் அவர்களுக்கே போயிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே போனஸைத் திட்டிப் பிரயோசனமில்லை. வாக்கைத் துண்டு துண்டாக்கியவர்கள் நாங்கள்தான்.

பிறகு 2025 மே. வடக்கின் பல சபைகளில் தமிழரசு முதலிடம். உடனே எதிர் வாசிப்பு: தமிழ்த் தேசியம் மீண்டுவிட்டது! இதுவும் அதே அவசரம். நாடளாவிய எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: செப்டம்பரில் அநுரவுக்கு முதற்சுற்றில் 42.31, நவம்பரில் 61.56, மேயில் 43.26. இதில் வீங்கியிருப்பது நடு எண். கடைக்காரர் அந்த வீக்கத்தை உடம்பென்று நினைத்து, வற்றியதும் ஆள் இளைத்துப்போனார் என்கிறார்.

எங்கள் ஊர்ச் சபையின் வாக்கை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மீள்குடியேற்றம் முடியவில்லை என்று 2011 இல் தள்ளிப்போட்டதால், போருக்குப் பின் புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்கு முதல் தேர்தலே 2018 இல்தான் நடந்தது. அடுத்ததற்கு 2023 இல் வேட்புமனுக் கொடுத்து, காசில்லை என்று நிறுத்தி, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2025 இல் வாக்களித்தோம். இத்தனை இழுபறிக்குப் பின் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வந்தவர் பெரும்பாலும் சொந்தக்காரர், இல்லாவிட்டால் கூடப் படித்தவர். எங்கள் ஒழுங்கையில் அந்த நாட்களில் பேசப்பட்டது கிரவலும் தெருவிளக்கும்தான். மழைக்கு முன்னம் கிரவல் போட்டுத் தருவார் என்று நம்பி விழுந்த வாக்கைக் கொழும்பில் ஒருவர் சமஷ்டிக்கு விழுந்ததாக வாசிக்கிறார். இன்னொருவர் ஊழல் ஒழிப்புக்கு விழுந்ததாக வாசிக்கிறார். வாக்குப் பெட்டிக்குள் காரணம் எழுதிய துண்டு எதுவும் இருக்கவில்லை.

முதலிடம் வேறு, ஆட்சி வேறு. அதையும் அந்தத் தேர்தலே காட்டியது. அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல் என்ற கலப்பு முறையில் தொங்கு சபைகள் மலிந்தன. பாதிக்கு மேல் உறுப்பினர் இல்லாத கட்சி, முதற் கூட்டத்தில் பிறரின் கையை எதிர்பார்த்தே தவிசாளரைப் பெற வேண்டும். யாழ்ப்பாண மாநகர சபையில் 45 இல் 13 எடுத்துத் தமிழரசு முதலிடம் வந்தது. அடுத்த மாதம், ஜூனில், கட்சியின் பதில் தலைவர் சி. வி. கே. சிவஞானம் ஆதரவு கேட்டு ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்திக்கப் போனார். மே மாதம் மீண்டதாகச் சொன்ன தேசியம் ஜூனில் எந்தப் படலையைத் தட்டியது என்பதை வீத எண் சொல்லாது. முதல்வர் பதவி கிடைத்தாலும் அதோடு முடிவதில்லை. 2020 டிசம்பரில் இதே மாநகர சபையில் வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்று முதல்வர் ஆர்னோல்ட் பதவி இழந்ததைப் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

என் முடிவு இது. இடையில் வருகிற தேர்தலை வாசிக்கலாம், ஆனால் வீதத்தை வாசித்த கையோடு அந்தச் சபையால் எதைத் தடுக்க முடியும், எதைச் செய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், பாராளுமன்றத்துக்கும் பிரதேச சபைக்கும் நடுவே, நமது வாக்கு நேராக அதிகாரமாக மாறக்கூடிய ஒரே படி காலியாகக் கிடப்பது தெரியும். 2013 செப்டம்பர் 21 இல் வடக்கு மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30 ஐக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, தேர்தலுக்கு அவசியமான எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்.

2013 இல் எங்கள் ஊரில் முதலாம் வகுப்புப் படித்த பிள்ளைக்கு இப்போது பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. மாகாண சபைக்கான வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது.