தாய்வழிச் சாட்சி மட்டும் போதுமா?

அந்தமானின் அபர்டீன் பஜார் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவும், சிப்பிகாட் பக்கம் உப்புத் தண்ணீரில் பிறக்கும் அனாபிலஸ் சுண்டாய்க்கஸும் கடிபடுகிறவருக்கு ஒன்றுதான். ஆனால் அந்தமான் நிக்கோபாரில் மலேரியாவைப் பரப்புவது சுண்டாய்க்கஸ். 2004 சுனாமியில் கடல் புகுந்து தேங்கிய வயல்கள் அதற்கு வசதியாகிவிட்டன.

சிக்கல் என்னவென்றால், சுண்டாய்க்கஸ் ஒரே இனம் அல்ல. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பல இனங்களின் கூட்டம். தென்கிழக்காசிய நிலப்பகுதியில் வாழும் ஒன்றுக்கு 2005இல் எபிரோட்டிக்கஸ் என்று தனிப்பெயரே வைத்தார்கள். நம் தீவுக் கொசுவை குரோமோசோம் ஆய்வு ‘டி’ வகை என்று பிரித்துக் காட்டியது.

இத்தகைய இடத்தில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெரிய உதவி. ஒரு செல்லில் அதற்கு ஏராளமான பிரதிகள் இருப்பதால் காய்ந்த கொசுவின் ஒற்றைக் காலே போதும். பார்கோடாகப் பயன்படும் 658 எழுத்துகளைப் படித்து, உலகின் எந்த ஆய்வகத்துப் பதிவோடும் ஒப்பிடலாம். தாயிடமிருந்து மட்டும் வருவதால் வம்சாவளி கலையாமல் இருக்கும்.

அதன் பலவீனமும் அங்கேதான். இரு இனங்கள் கலந்து பிறந்த பெண் கொசுவின் சந்ததி, தலைமுறை தலைமுறையாகத் தந்தை இனத்தோடே சேர்ந்தால் உட்கரு டிஎன்ஏ முழுக்க அந்த இனத்துடையதாகிவிடும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பழைய பாட்டியுடையதாகவே இருக்கும். ஆப்பிரிக்காவின் காம்பியே, அரேபியென்சிஸ் கொசுக்களை இதை வைத்துப் பிரிக்க முடியாமல் போனது இந்தக் கலப்பால்தான்.

கியூலெக்ஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு: வோல்பாக்கியா. 1924இல் கொசுவில் கண்டறியப்பட்ட இந்தப் பாக்டீரியா முட்டை வழியே பரவுகிறது. தொற்றுள்ள ஆண், தொற்றில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. ஆகவே தொற்றுள்ள தாய்களின் வம்சம் பெருகுகிறது. அதே முட்டையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவுகிறது. அப்போது நாம் படிப்பது கொசுவின் வரலாற்றையா, பாக்டீரியாவின் வரலாற்றையா? ஏடிஸ் எஜிப்தி கொசுவில் உட்கருவுக்குள் புகுந்துவிட்ட மைட்டோகாண்ட்ரியத் துண்டுகள் வேறு ஆளைக் குழப்பும்.

அதனால் முதல் கேள்விக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பயன்படுத்தலாம், இறுதித் தீர்ப்புக்குக் கூடாது என்பதே என் கருத்து. உட்கருவின் ரைபோசோம் டிஎன்ஏ, குரோமோசோம், கொசு எந்தத் தண்ணீரில் பிறக்கிறது, யாரைக் கடிக்கிறது என எல்லாம் ஒத்துப்போனால்தான் இனம் என்று சொல்ல வேண்டும். கொசு பிடித்து அனுப்பும் களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலை ஆய்வகத்துக்குக் கொடுங்கள், உடலைத் தூக்கி எறியாமல் ஊசி குத்தி, இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.