நாரையும் வாவியும்

சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய தனிப்பாடல் தமிழ் கற்றார் யாவரும் அறிந்தது. வறுமையால் ஊர் நீங்கி மதுரை சேர்ந்து, ஆடையின்றி வாடையில் மெலிந்த புலவர், வானிற் செல்லும் நாரையிடம் தம் நிலையைத் தம் மனைவிக்கு உரைக்குமாறு வேண்டுகின்றார். நகர்வலம் வந்த பாண்டியன் அதுகேட்டு இரங்கித் தன் மேலாடையை அவர்மீது போர்த்தினான் என்பது செவிவழிக் கதை. இப்பாட்டைத் திறனாய்ந்தோர் பெரும்பாலும் உவமை நலத்தையும் பரிசிற் கதையையும் கூறி அமைவர். இவ்விரண்டற்கும் இடையே பாட்டின் உயிர்நிலை ஒன்று உளது. நாரை இறங்கித் தங்கவேண்டிய வாவியே அது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

பிற்காலத் தூது நூல்களில் கிளியும் முகிலும் நெஞ்சும் பணமும் தமிழும் தூது செல்கின்றன. அங்குத் தூது செல்லும் பொருளின் இயல்பு பெரிதும் கருதப்படுவதில்லை. புலவன் ஏவிய வழியே அது செல்லும். சத்திமுத்தப் புலவர் பாடல் அத்தகையதன்று. செந்நிறக் கால், பவளம் போன்ற அலகு, அவ்வலகின் வடிவிற்குப் பனங்கிழங்கு என இவையெல்லாம் கண்ணாற் கண்டு தெளிந்தவை. செங்கால் நாரை என இன்று பறவை நூலார் குறிக்கும் இனம், குளிர்காலத்தில் இந்நாட்டிற்கு வந்து வேனில் தொடங்குமுன் வடக்கே மீள்வது. புலவரும் குமரியாடி வடக்கே மீள்வதாயின் என்றே வேண்டுகின்றார். 'ஆயின்' என்னும் அந்நிபந்தனை கருதத்தக்கது. பறவையின் வழியை அவர் மாற்றவில்லை; அதன் வழியிலேயே தம் செய்தியை வைக்கின்றார். கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சரத்தின் அருகிலுள்ள சத்திமுத்தம் மதுரைக்கு வடக்கே அமைந்திருத்தலும் இதற்குப் பொருந்தும்.

வாவி என்பது ஊர்ப்பெயர்க்கு அடையாக வந்த அழகுச் சொல்லேயன்றோ எனச் சிலர் வினவலாம். ஊரைச் சுட்டுதலே கருத்தாயின், கோயிலையோ தெருவையோ கூறியிருக்கலாம். ஆங்கு நாரை இறங்காது. இரைக்கும் இளைப்பாறுதற்கும் நீர்நிலையையே அது நாடும். ஆதலின் வாவியே அத்தூதின் முகவரி. வாவி வற்றின் நாரைக்கு இறங்க இடமில்லை. நனைந்த சுவரும் கூரையுமுடைய வீட்டில் பல்லி சொல்லும் பலன் பார்த்திருக்கும் மனைவிக்குச் செய்தியும் இல்லை. இல்லறத்தின் துயரும் ஊர்நீரின் நலமும் ஒரே வாக்கியத்துள் பிணைந்து நிற்பதே இப்பாட்டின் சிறப்பு எனத் துணிகின்றோம்.

இவ்வுண்மையை ஏட்டளவில் நிறுத்தாது நிலத்தில் வைத்துக் காண்பதற்குத் திருப்பூரின் வடபால் உள்ள நெருப்பெரிச்சல் ஏற்ற இடம். அதனை அடுத்துச் சர்க்கார் பெரியபாளையத்தருகே நல்லாற்று நீரை ஏற்று நிற்பது நஞ்சராயன் குளம். நஞ்சராயன் என்னும் அரசன் சீர்செய்தமையின் இப்பெயர் பெற்றதென்பர். பாசனத்திற்கென அமைந்த இக்குளம் ஏறத்தாழ 126 எக்டேர் பரப்புடையது. 2022-இல் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. ஈண்டுப் பதிவான பறவையினங்கள் 191 என்பர். இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று.

இக்குளத்தைச் சூழ்ந்து வாழ்வார் யாவர்? உழவர் உளர், பின்னலாடைத் தொழிலை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தோர் உளர். மனைவி மக்களை ஊரில் விட்டு வந்த தொழிலாளி ஒவ்வொருவரும் சத்திமுத்தப் புலவரின் நிலையினரே. ஒரு வேறுபாடு உண்டு. புலவருக்கு ஆடை இல்லை. இவர்களோ உலகிற்கே ஆடை செய்து தருவோர். ஆயின் அவ்வாடைக்கு நிறமூட்டிய சாயக்கழிவே நொய்யலாற்றைக் கெடுத்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரை அறவே வெளிவிடாத முறையை நிறைவேற்றாத சாயச் சாலைகளை மூடுமாறு ஆணையிட வேண்டிய நிலை நேர்ந்தது. நல்லாறும் அந்நொய்யலின் கிளையேயாகும்.

ஆகவே, பாட்டில் ஒருங்கே வந்த ஆடையும் வாவியும் இந்நிலத்தில் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. பாண்டியன் தந்த மேலாடை ஒருவர் குளிரைப் போக்கியது. அது கொடைச் சிறப்பு. வாவியைக் காத்தல் ஒருவர் கொடையாக முடிவதன்று. ஊரார் பலர் நாள்தோறும் செய்யவேண்டிய கடன். நஞ்சராயன் குளத்தைக் காப்பதில் உள்ளூர் இயற்கை ஆர்வலரும் ஊர்மக்களும் கொண்டுள்ள பங்கு இக்கடனை உணர்ந்ததன் அடையாளம். சரணாலயம் என்னும் அறிவிப்பு அதற்குத் துணையாகுமேயன்றி, அதற்கு ஈடாகாது. பறவைகளை மட்டும் எண்ணிக் குளத்தருகே வாழ்வாரை எண்ணாத பட்டியலும், உவமையை மட்டும் வியந்து வாவியை மறந்த திறனாய்வும் ஒரே குறையுடையன.

இலக்கியத்துள் வரும் புள்ளும் நீரும் மாந்தர் உணர்ச்சிக்குப் பின்னணியே எனக் கற்பித்து வருகின்றோம். அக்கருத்தைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். இனி இப்பாட்டைப் பாடஞ்சொல்வார், கார்த்திகை மார்கழியில் மாணவரை ஒரு குளக்கரைக்கு அழைத்துச் சென்று பாடஞ்சொல்வாராக. நாரை இறங்க நீர் உள்ளதா என்பதை ஆங்கே அவர்கள் தாமே கண்டறிவர். பாட்டின் பொருளும் அப்பொழுதே முற்ற விளங்கும்.